ஏஐ மாற்றிய இணையத்தளத்தை வெளியிட முன்: கோட் தெரியாதவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கடைகள், லொட்ஜ்கள், ரியூசன் நிலையங்கள், ஊர்ச் சங்கங்கள் சிலவற்றின் இணையத்தளங்களை நாங்கள் பார்த்துக் கொடுக்கிறோம். முன்பு ஒரு விலையை மாற்றுவதென்றாலும் எங்களுக்கு அழைப்பெடுத்து இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். இப்போது உரிமையாளரே தமிழில் ஏஐயிடம் சொல்கிறார். அது மாற்றத்தை எழுதி முடித்து, பார்த்துச் சம்மதம் தாருங்கள் என்று முன்னால் வைக்கிறது. அந்த இடத்தில்தான் ஆட்கள் திகைத்து நின்று எங்களுக்கு அழைப்பெடுக்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளே இவை. கிட்ஹப் என்ற இணையக் களஞ்சியத்தில் கோப்புகளை வைத்து, நெட்லிஃபை, வேர்சல், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்ற வெளியிடும் சேவை ஒன்றின் ஊடாக வெளியிடும் தளங்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். வேர்ட்பிரஸ்காரருக்கு ஒரு கேள்வி தனியே உண்டு.

எனக்குக் கோட் ஒரு வரியும் தெரியாது. நான் எதைப் பார்த்துச் சம்மதம் சொல்லுறது?

உங்கள் கடை போயா தினத்தில் பூட்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஒடியல் மா அரைக் கிலோப் பையில் மட்டும்தான் விற்கிறீர்கள் என்பதும் தெரியும். ஏஐக்கு இது தெரியாது. கொழும்பில் இருக்கும் கெட்டிக்கார புரோகிராமருக்கும் தெரியாது. கோட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேறு வழிகள் உண்டு. பக்கத்தில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்க உங்களை விட்டால் ஆளில்லை. ஆகவே முதலில் பிரிவியூ இணைப்பை, அதாவது வெளியிட முன் மாற்றத்தைக் காட்டும் ஒத்திகைப் பக்கத்தைத் திறந்து, உங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளரைப் போல ஒருதரம் முழுக்க வாசியுங்கள். கோட் பக்கத்துக்குப் பிறகு போகலாம்.

பிராஞ்ச், புல் ரிக்குவெஸ்ட், மேர்ஜ்... இதெல்லாம் என்ன?

அச்சகத்தில் கலியாணக் காட் அடிக்கக் கொடுத்தால் முதலில் ஒரு புரூவ் தருவார்கள் அல்லவா? அதுபோலத்தான். உங்கள் தளத்தின் ஒரு பிரதியை எடுத்து, அதில் ஏஐ மாற்றம் செய்கிறது. அந்தப் பிரதிதான் பிராஞ்ச். "இதோ புரூவ், பார்த்துச் சொல்லுங்கோ" என்று நீட்டுவது புல் ரிக்குவெஸ்ட். "சரி, அடியுங்கோ" என்று நீங்கள் சொல்வது மேர்ஜ். மாப்பிள்ளையின் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் புரூவில் பிடிக்க வேண்டும், ஐந்நூறு காட் அடித்த பிறகு பிடித்துப் பிரயோசனமில்லை. ஆனால் இணையத்தளத்தில் அடித்த பிறகும் திருப்பி எடுக்கலாம். அச்சகத்தைவிட இந்த வகையில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

சொற்கள் இவ்வளவு கரடுமுரடாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இவற்றின் அடியில் இருக்கும் கிட் என்ற மென்பொருளை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் வேலைக்காக எழுதினார். ஆயிரக்கணக்கான புரோகிராமர்கள் அனுப்பும் மாற்றங்களைப் பரிசோதித்துச் சேர்ப்பதுதான் நோக்கம். பலசரக்குக் கடைக்காரர் ஒருநாள் அதே பொத்தானை அமத்துவார் என்று அப்போது யார் நினைத்தார்கள்!

அப்ரூவ் அமத்தினால் உடனே தளத்தில் வந்திடுமோ?

பெரும்பாலும் வராது. அப்ரூவ் என்பது "நான் பார்த்தேன், எனக்குச் சம்மதம்" என்ற கையெழுத்து மட்டும். மேர்ஜ் அமத்தும்போதுதான் மாற்றம் பிரதான கோப்புகளில் சேர்ந்து, வெளியிடும் சேவை தளத்தைப் புதிதாகக் கட்டத் தொடங்கும். சிறிய தளமென்றால் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். சில இடங்களில் அப்ரூவ் விழுந்தவுடன் தானாக மேர்ஜ் ஆகும்படி செய்து வைத்திருப்பார்கள். உங்கள் தளம் எப்படி என்று அதைச் செய்து தந்தவரிடம் ஒருமுறை கேட்டு வையுங்கள்.

அப்ரூவ் பொத்தான் மங்கிக் கிடக்குது, அமத்த ஏலாது. ஏன்?

ஏஐ உங்கள் கணக்கிலேயே புல் ரிக்குவெஸ்டைத் திறந்திருக்கிறது. தன்னுடையதைத் தானே அப்ரூவ் பண்ண கிட்ஹப் விடாது. வேறு தடை போட்டிருக்காவிட்டால் நேரே மேர்ஜ் பண்ணலாம். ஆனால் கடையில் இரண்டாவது ஆள் ஒருவருக்குக் கணக்குத் திறந்து கொடுத்து அவரைப் பார்க்கச் சொல்வது நல்லது. கேட்டவரின் கண்ணுக்குத் தான் கேட்டதுதான் தெரியும்.

சிவப்பும் பச்சையுமாக வரிகள் வருகுதே, அதை எப்பிடி வாசிக்கிறது?

சிவப்பு எடுத்தது, பச்சை சேர்த்தது. ஒரு வரியில் ஒரேயொரு எண் மாறினாலும், பழைய வரி சிவப்பிலும் புதிய வரி பச்சையிலுமாக இரண்டு வரி தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறிகளுக்கு நடுவே உங்கள் தமிழ்ச் சொற்களும் விலைகளும் அப்படியே வாசிக்கக்கூடியதாக இருக்கும். அவற்றை மட்டும் வாசியுங்கள், மிச்சத்தை விடுங்கள்.

வாசிக்க முன் ஒரு எண்ணைப் பாருங்கள்: எத்தனை கோப்பு மாறியிருக்கிறது? பூட்டும் நேரத்தை 7 மணியில் இருந்து 8 மணியாக்கச் சொன்னீர்கள். ஒரு கோப்பு மாறியிருந்தால் சந்தோசம். பதினாலு கோப்பு மாறியிருந்தால் ஏனென்று ஏஐயிடமே கேளுங்கள். நியாயமான காரணமும் இருக்கலாம். பழைய முறையில் கட்டிய தளங்களில் பக்கத்தின் அடியில் வரும் விபரம் ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும், நேரத்தை மாற்றினால் எல்லாப் பக்கமும் மாறத்தான் வேண்டும். "கூடவே எழுத்துருவையும் கொஞ்சம் வடிவாக்கினேன்" என்று பதில் வந்தால் மேர்ஜ் பண்ணாதீர்கள். நீங்கள் கேட்காத வேலை அது, கேட்காத வேலையில்தான் பிழை ஒளிந்திருக்கும்.

சிலவேளை ஒரே கோப்பில் ஆயிரக்கணக்கான வரி மாறியிருக்கும். மென்பொருள் பொதிகளின் பதிப்புகளைக் கணினி தானே எழுதிவைக்கும் பட்டியல் அது. அதை மனிதர் வாசிப்பதில்லை. ஆனால் பூட்டும் நேரத்தை மாற்றுவதற்கு அந்தப் பட்டியல் மாற வேண்டிய தேவையும் இல்லை. அதையும் கேளுங்கள்.

பிரிவியூவில் எதை எதைப் பார்க்க வேணும்?

போனில் பாருங்கள். கணினியில் பார்த்து மேர்ஜ் பண்ணிவிட்டு, போனில் படம் எழுத்தின் மேல் ஏறி நிற்கிறதே என்று பிறகு கவலைப்படுபவர்கள் அதிகம். உங்கள் வாடிக்கையாளர் பஸ்ஸுக்குள் நின்று கொண்டுதான் பார்க்கிறார்.

பொத்தான்களை அமத்திப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நானே சுட்டுக்கொண்டது. ஒரு லொட்ஜின் போன் இலக்கத்தை மாற்றச் சொல்லியிருந்தோம். பிரிவியூவில் புதிய இலக்கம் அழகாகத் தெரிந்தது, மேர்ஜ் பண்ணினேன். எழுத்தில் தெரியும் இலக்கம் வேறு, அமத்தினால் அழைக்கும் இலக்கம் வேறு என்பதை அன்று மறந்துவிட்டேன். கண்ணுக்குத் தெரிந்தது புதிது, அமத்தினால் போனது பழைய இலக்கத்துக்கு. நல்லூர்த் திருவிழா 25 நாளும் அறை தேடி ஆட்கள் அழைக்கும் காலம் அது. ஒன்பது நாள் கழித்து, பழைய இலக்கத்தை வாங்கியிருந்த ஒரு அக்கா பொறுக்க முடியாமல் எங்களுக்கே எடுத்து ஏசினார். ஏச்சு நியாயமானது.

வட்ஸ்அப் பொத்தானிலும் இதே ஆபத்துத்தான். அந்த இணைப்புக்குள் இலக்கம் 94 இல் தொடங்க வேண்டும், முன்னால் பூச்சியமும் வரக்கூடாது கூட்டல் குறியும் வரக்கூடாது. ஏஐ சிலவேளை 91 போட்டுவிடும். தமிழென்றால் இந்தியா என்று அதற்கு ஒரு நினைப்பு.

திகதியையும் பாருங்கள். 05/08 என்று எழுதினால் எங்களுக்கு ஓகஸ்ட் 5, அமெரிக்கருக்கு மே 8. மாதத்தைச் சொல்லால் எழுதச் சொல்லுங்கள். ரொறன்ரோவில் இருந்து பார்க்கிற உங்கள் ஆட்களுக்கும் குழப்பம் இராது.

பிறகு, இல்லாத பெருமை. இடம் வெறுமையாக இருந்தால் ஏஐக்குப் பொறுக்காது. "25 வருட அனுபவம்", "நூற்றுக்கணக்கான திருப்தியான வாடிக்கையாளர்கள்", இல்லாத ஒருவரின் பெயரில் ஐந்து நட்சத்திரப் பாராட்டு என்று நிரப்பிவிடும். கடை திறந்து மூன்று வருடம்தான் என்றால் அதை வெட்டுங்கள். ஒரு தங்குமிடத்தின் பயணக் குறிப்பில், நயினாதீவுக்கு வாகனத்தில் நேரே போகலாம் என்று எழுதியிருந்தது. குறிகட்டுவானில் இறங்கிப் படகேற வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பக்கத்தை நம்பி வரும் வெளிநாட்டுக்காரருக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று: பிரிவியூ ஒத்திகைதான் என்றாலும், அதில் உள்ள படிவங்கள் உண்மையாகவே மின்னஞ்சல் அனுப்பக்கூடும், உண்மையான முன்பதிவைப் பதியவும் கூடும். படிவத்தைச் சோதிக்கிறீர்கள் என்றால் பெயரிடத்தில் "சோதனை" என்று போட்டு அனுப்புங்கள்.

ஏஐ எழுதுற தமிழ் நல்லாத்தானே இருக்கு. அதையும் திருத்த வேணுமோ?

இலக்கணம் நல்லாயிருக்கும். ஊர் மாறியிருக்கும். அது படித்த தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தமிழ் என்பதால், உங்கள் பக்கத்தில் ரூபா ரூபாய் ஆகும், வைத்தியசாலை மருத்துவமனை ஆகும், பொலிஸ் நிலையம் காவல் நிலையம் ஆகும், ஓகஸ்ட் ஆகஸ்ட் ஆகும், விலைக்கழிவு தள்ளுபடி ஆகும். இவை விளங்காத சொற்கள் இல்லை. கடை எங்கேயோ இருக்கிறது என்ற எண்ணம்தான் வரும். சில மாற்றங்கள் பொருளையே பிழையாக்கும். பிரதேச சபைக்குப் பதிலாக ஊராட்சி, அரசாங்க அதிபருக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர், தரம் 10 க்குப் பதிலாகப் பத்தாம் வகுப்பு, உயர்தரத்துக்குப் பதிலாகப் பிளஸ் டூ என்று வந்தால், ரியூசன் நிலையத்தின் பக்கத்தைப் பார்க்கும் அம்மா இது எங்கட பிள்ளைக்கான வகுப்பு இல்லை என்று மூடிவிடுவார். ரூபாவுக்கு இந்திய நாணயக் குறியைப் போட்டு வைத்ததையும் பார்த்திருக்கிறேன். விலைப் பட்டியலில் அது விளையாட்டில்லை.

இங்கிலீசுப் பக்கமும் இருந்தால் அதை இன்னும் கவனமாக வாசியுங்கள். பனம் பொருட்கள் விற்கும் ஒரு தளத்தில் புழுக்கொடியலை மொழிபெயர்க்கச் சொன்னபோது, அது முன் பாதியைப் பிரித்து எடுத்து உள்ளே ஒரு புழுவைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு லண்டன் வாடிக்கையாளருக்குப் புழுத் தின்பண்டமாகப் போயிருக்கும். நல்லவேளை, கடைக்கார ஐயா இங்கிலீசை மெதுவாக வாசிப்பவர்.

ஒவ்வொரு முறையும் திருத்தாமல் இருக்க ஒரு வழி உண்டு. ஏஐ வேலை தொடங்க முன் வாசிக்கும் அறிவுறுத்தல் கோப்பு ஒன்றைத் தளத்தின் கோப்புகளுக்குள் வைக்கலாம். அதில் "ரூபா என்று எழுது, வீதி என்று எழுது, வைத்தியசாலை என்று எழுது" எனச் சொற்பட்டியல் போட்டுவிட்டால் பெரும்பாலும் கேட்கும். முழுக்கக் கேட்காது, ஆனால் உங்கள் வேலை பாதியாகும்.

பாமினியில் தட்டச்சு செய்த பழைய கட்டுரைகள் இருந்தால் அவற்றை அப்படியே ஏஐயிடம் கொடுக்காதீர்கள். பாமினி எழுத்துரு இல்லாத இடத்தில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். ஏஐ அதைத் தமிழாக்க முயன்று, விளங்காத இடத்தில் தானே இட்டுக்கட்டும். முதலில் எழுத்துரு மாற்றும் கருவி ஒன்றால் யூனிகோட்டுக்குக் கொண்டு வந்து, மூலத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஊர்ச் சங்க மலர்களில் ஆட்களின் பெயர்கள் நிறைய இருக்கும், பெயரில் பிழை விட்டால் சங்கக் கூட்டத்தில் பதில் சொல்லி மாளாது.

பச்சைச் சரி விழுந்திருக்கு. அப்ப பிழையில்லைத்தானே?

தளம் உடையாமல் கட்டி முடிகிறது என்பதற்கான சரி அது. பிழையான விலைக்கும் பச்சைச் சரி விழும். சிவப்புப் பிழைக்குறி விழுந்தால் மட்டும் கட்டாயம் நில்லுங்கள், மஞ்சள் புள்ளி என்றால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வாருங்கள்.

பிடிக்கேல்லை எண்டால் எப்பிடிச் சொல்லுறது?

"நல்லா இல்லை, வடிவாச் செய்" என்று எழுதினால் அது எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டு வரும். இடம், இருப்பது, வர வேண்டியது என்று மூன்றையும் சொல்லுங்கள்: "முகப்புப் பக்கத்தில் இரண்டாவது பந்தியில் 'தினமும்' என்பதை எடுத்துவிட்டு 'ஞாயிறு தவிர்ந்த நாட்களில்' என்று போடு. வேறு எதையும் தொடாதே." கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். மூன்று தரம் திருத்தியும் சரிவரவில்லை என்றால் அந்தப் புல் ரிக்குவெஸ்டை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். மூடுவதால் தளத்துக்கு ஒன்றும் ஆகாது. புரூவைக் கிழித்துப் போட்டதுபோலத்தான்.

ஒரு முறைக்கு ஒரு விசயம் கேளுங்கள். விலை, படம், புதிய பக்கம் மூன்றையும் ஒன்றாகக் கேட்டால், படம் பிழைத்தபோது சரியான விலையும் சேர்ந்து காத்துக் கிடக்கும்.

வெளியிட்டாச்சு, ஆனால் என்ர போனில பழையதுதான் தெரியுது!

உங்கள் உலாவி பழைய பக்கத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே புதிது தெரிந்தால் எல்லாம் சரி. வட்ஸ்அப்பில் இணைப்பைப் பகிரும்போது வரும் சின்னப் படமும் தலைப்பும் பழையதாகக் கொஞ்சக் காலம் நிற்கும். கூகுள் தேடலில் மாற சில நாட்கள், சிலவேளை வாரங்கள் ஆகும். அதற்காகத் திரும்பத் திரும்ப ஏஐயிடம் "இன்னும் மாறேல்லை" என்று சொல்லிக் கோப்புகளைக் குழப்பாதீர்கள்.

பிழையோட வெளியில போயிட்டுது. இப்ப என்ன செய்ய?

மேர்ஜ் ஆன அதே புல் ரிக்குவெஸ்டின் கீழே ரிவேர்ட் என்ற பொத்தான் இருக்கும். அதை அமத்தினால், செய்ததைத் திருப்பும் புதிய புல் ரிக்குவெஸ்ட் ஒன்று திறக்கும். பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். அதையும் மேர்ஜ் பண்ணினால்தான் பழைய நிலைக்கு வரும். நெட்லிஃபை, வேர்சல் போன்றவற்றில் முந்திய பதிப்பைத் தெரிவு செய்து நேரே மீண்டும் போடும் வழியும் உண்டு, அவசரத்துக்கு அது கெதி.

அவசரத்தில் பிழைக்கு மேல் திருத்தம், திருத்தத்துக்கு மேல் திருத்தம் என்று அடுக்காதீர்கள். முதலில் திருப்புங்கள். பிறகு ஆறுதலாக யோசியுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு: கடவுச்சொல்லோ வங்கிச் சேவையின் இரகசியச் சாவியோ கோப்பில் எழுதப்பட்டு மேர்ஜ் ஆகிவிட்டால், ரிவேர்ட் போதாது. அழித்த பிறகும் அது கோப்புகளின் வரலாற்றில் கிடக்கும். அந்தக் கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும், அன்றைக்கே.

எந்த நேரத்தில் வெளியிடுறது நல்லது?

வெளியிட்ட பிறகு ஒரு மணித்தியாலம் போனோடு இருக்கக்கூடிய நேரத்தில். கடை பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுகிற நேரத்தில் வேண்டாம். குறித்த நேரத்தில் தானாக வெளியாகும்படி செய்தால், பல சேவைகள் உலகப் பொது நேரத்தில் கணக்கெடுக்கும் என்பதை மறவாதீர்கள். இலங்கை அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். நள்ளிரவு என்று நீங்கள் நினைத்துக் குறித்த சித்திரைப் புத்தாண்டு விலைக்கழிவு விடிய ஐந்தரைக்குத்தான் தளத்தில் வரும்.

எதுக்கு உங்களைக் கூப்பிட வேணும்?

காசு கட்டும் பக்கம், வாடிக்கையாளர் உள்நுழையும் பக்கம், படிவத் தரவு போய்ச் சேரும் இடம் இவற்றில் ஏஐ கை வைத்திருந்தால் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பக்கத்தின் முகவரி மாறியிருந்தாலும் காட்டுங்கள். பழைய முகவரியில் இருந்து புதியதற்குத் திருப்பிவிடாவிட்டால், வட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் வெறும் பக்கத்துக்குப் போகும். தேடலில் இருந்து பக்கத்தை மறைக்கும் ஒரு வரியும் உண்டு. ஒத்திகைக்காகச் சேர்த்த அந்த வரி பிரதான தளத்துக்கு வந்துவிட்டால் கூகுளில் நீங்கள் மெல்ல மறைந்து போவீர்கள், பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது. இரண்டு பேர் ஒரே வரியை மாற்றியதால் முரண்பாடு என்று அறிவித்தல் வந்தாலும், விளங்காமல் பொத்தானை அமத்தாதீர்கள்.

எங்கட தளம் வேர்ட்பிரஸ். இது எல்லாம் பொருந்துமோ?

பார்க்கும் முறை பொருந்தும், பொத்தான்கள் வேறு. ஏஐயின் மாற்றம் வரைவாக விழும்படி வையுங்கள், வெளியிடும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்காதீர்கள். பக்கங்களுக்கும் பதிவுகளுக்கும் வேர்ட்பிரஸ் பழைய பதிப்புகளை வைத்திருக்கும், திருப்பலாம். பிளகின், தீம் கோப்புகளுக்கு அந்த வசதி இல்லை. அவற்றைத் தொட முன் முழுத் தளத்தையும் பக்அப் எடுங்கள்.

பெறுபேறு வந்திருக்கு. பிள்ளையளின்ர படங்களை ஏஐயிட்டக் கொடுத்துப் போடலாமோ?

சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படத்தைப் போட ஆசை இருக்கத்தான் செய்யும். ஏஐ கேள்வி கேட்காமல் பெயர், பாடசாலை, சுட்டெண் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிடும். சுட்டெண்ணை வெட்டுங்கள், பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. பிரிவியூ இணைப்பும் கைமாறினால் யாரும் திறக்கக்கூடியதாக இருக்கலாம், குழுக்களில் போடாதீர்கள்.

தளத்தைச் செய்து தந்த மகன் இப்ப கனடாவில. மேர்ஜ் பண்ண அவன் எழும்பும் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கு.

இந்தக் கேள்வி வராத மாதமில்லை. கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், மாரியில் பத்தரை. நீங்கள் காலையில் கடை திறக்கும்போது அங்கே முதல்நாள் இரவு. தம்பியிடம் சொல்லி, தளத்தின் கோப்புகள் இருக்கும் கணக்கில் உங்களையும் ஒரு ஆளாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அவருடைய கடவுச்சொல்லை வாங்காதீர்கள். 2023 இல் இருந்து கிட்ஹப் இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தலைக் கட்டாயமாக்கி வருகிறது, கடவுச்சொல் இருந்தாலும் குறியீடு அவருடைய போனுக்குத்தான் போகும். உங்கள் பெயரில் கணக்குத் திறந்து அந்த இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தலைப் போடும்போது மீட்புக் குறியீடுகள் என்று ஒரு பட்டியல் தரும். அதை அச்சடித்து, காணி உறுதி வைத்திருக்கும் அலுமாரியிலேயே வையுங்கள்.